தேன்புளியும் காரக்குழம்பும்

விருந்தினரின் நாக்கை அறியாமல் அவர்களுக்கான சுவையை நாமே முடிவுசெய்வது உபசாரமாகுமா? இன்று விருந்தினருக்காகக் கோழியும் காய்கறியும் வெந்துகொண்டிருக்க, உப்புச் சாஸா, இனிப்புச் சாஸா என்று மகள் இரண்டு பாட்டில்களோடு நின்றாள். எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூரில், அக்காவுக்குச் சம்பந்தம் பேசப் போளூர்க்காரர்கள் வந்த நாள் நினைவில் எழுந்தது.

அன்று கோழியோடு அவரையும் பூசணியும் வெந்தன. எங்கள் வழக்கப்படி அம்மா புளியும் தேனும் காய்ச்சி ஊற்றப் போனாள். அப்பா தடுத்தார்.

"கறில தேன ஊத்தினா, காட்டு ஜனம்னு எய்ந்து போய்டுவாங்க. காரமா வையி."

"நம்ம வூட்டு ருசிய மறைச்சுத்தானா பொண்ணு குடுக்கணும்?" என்றாள் அம்மா.

அக்கா இரண்டு குழம்பையும் வைத்தாள். எதையும் கறியில் ஊற்றாமல் தனித்தனிச் சட்டியில் எடுத்துவந்தாள்.

காரக்குழம்பில் ஒரு வாய் உண்டதுமே மாப்பிள்ளையின் தாயாருக்குக் கண் கலங்கிவிட்டது. வாயெல்லாம் புண்ணாம். அப்பாவின் முகம் வெளுத்தது. அக்கா தேன் தூக்கலான மற்றொரு சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த அம்மாள் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார்.

"இன்னாம்மா இது, இவ்ளோ நல்லாக்குது! கஞ்சி குடிச்சே செத்தேன். நம்ம வூட்டுக்கு எப்போ வர்றே?"

அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் குழம்பைக் கறியில் ஊற்றுவதில்லை. தனியே வைத்து, உண்பவரிடமே விட்டுவிடுகிறோம்.