யாரும் கேக்காத ரெண்டு ஆல்பம்

எங்க செராமிக் ஷெட்டுல பொம்மை அச்சுல மண்ணு ஊத்தற வளவனுக்கு ஒரே ஒரு கிறுக்கு. தலைமுடிய இடுப்பு வரைக்கும் வுட்டு, உதட்டுல சாயம் பூசி, கண்ணுல மை இட்டுக்கிட்டுக் கத்தற ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்தோட பாட்டு. நான் பொம்மைக்குக் கண்ணு எழுதறவ, பேரு அம்சவல்லி. கை நடுங்காம செய்யற வேலைக்குப் பக்கத்துல காலையில இருந்தே டமால் டுமீல்னா எப்படி இருக்கும்? அம்மன் பொம்மைக்கு ஒரு கண்ணு மேல போயிடும். திட்டித் தீர்ப்பேன்.

"சத்தம் இல்லக்கா இது. கொஞ்சம் காது குடுத்துக் கேளுக்கா."

"காது குடுத்தா காதே போயிடும் போலருக்கு. சாமி பாட்டு போடுடா!"

அந்தக் கூட்டத்தோட மொதல் ரெண்டு ஆல்பம்தான் ஒலகமெல்லாம் ஓடுச்சாம். மூணாவதையும் நாலாவதையும் ஒருத்தனும் சீண்டல. அதுதான் இவனுக்கு ஆறாத கோவம். பாண்டிச்சேரியில ஒரு ரெக்கார்டிங் கடையில, ஒரே கேசட்டுல இந்தப் பக்கம் மூணாவது, அந்தப் பக்கம் நாலாவதுன்னு பதிஞ்சுக்கிட்டு வந்தான். ஊரே சீடிக்கு மாறிட்டுது, அந்தக் கடையையும் மூடிட்டாங்க. வேற எங்கயும் கெடைக்கல. எவனும் மேல பதிஞ்சுடக் கூடாதுன்னு கேசட்டு முதுகுல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஒடைச்சு வச்சிருந்தான்.

ரயில்வே ஜங்ஷன்ல டிக்கெட் குடுக்கற கோகுலகிருஷ்ணன் சாருக்கும் அதே கிறுக்குதான். ஆனா, "மொதல் ரெண்டோட அவனுங்க கதை முடிஞ்சுது வளவா"ன்னு டீக்கடையில எல்லார் எதிர்லயும் சிரிப்பாரு. இவன் மூஞ்சி சுண்டிப் போயிடும். கெஞ்சிக் கூத்தாடி, ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்கு வந்து முழுசா கேக்கறேன்னு அவர ஒத்துக்க வச்சான்.

அந்த வாரம் பாத்து, அக்கா வூட்டுக் காதுகுத்துன்னு கம்மாபுரம் போயிட்டான். டேப்புல சத்தம் இல்ல. கேசட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு நெனச்சு, அப்பாடான்னு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை சார் வந்தாரு. கொலு நேரம்கறதால எங்களுக்கு லீவு இல்ல. வளவன் இஸ்திரி போட்ட சட்டையோட வந்து டேப்பை அமுக்கினான்.

"விருத்தாசலம் வாழ் பொதுமக்களே! கொலு பொம்மைகள், தள்ளுபடி விலையில்!"

பதறிப்போயி மாத்திப் போட்டான். அந்தப் பக்கமும் பொதுமக்களே. ஆட்டோவுல மைக்கு கட்டி ஊரைச் சுத்தற தங்கராசு, நடுவுல ரீவைண்டு பண்ற வேலை இருக்கக் கூடாதுன்னு ஒரே விளம்பரத்தைத் திருப்பித் திருப்பிப் பேசி ரெண்டு பக்கத்தையும் ரொப்பிடுவாரு. மேல பதியறதுக்காக, பல்லு ஒடஞ்ச ஓட்டைங்கள அச்சு மண்ணால அடைச்சிருந்துது.

"நாந்தாண்டா மண்ணு வச்சு அடைச்சு, தங்கராசுகிட்ட குடுத்தேன்"னு வந்தாரு மொதலாளி ராஜாங்கம். "இங்கிலீசு கேசட்டுதான, எவன் கேக்கறான்?"ன்னுட்டுப் போயிட்டாரு.

வளவன் காஞ்ச மண்ண நகத்தால நோண்டிக்கிட்டே இருந்தான். பாவி மனுஷன், ஒரு காலி கேசட்டு வாங்கக் கூடவா மனசு வரல?

சார் எழுந்தாரு. "விடு வளவா. அதுல பெருசா ஒண்ணும் இருந்திருக்காது."

எனக்கு வந்துது பாரு கோவம்! "உக்காருங்க சார்! கேக்காமயே எப்படிச் சொல்றீங்க?"

பிரஷ்ஷை வச்சிட்டு, காலி அச்சு மேல தாளம் தட்டி, வாயாலயே கித்தாரு வாசிச்சு, அர்த்தம் தெரியாத இங்கிலீசையும் சேத்து மூணாவது ஆல்பத்தோட மொதல் பாட்டைப் பாடினேன். அது முடியறதுக்குள்ள அடுத்தது தானா வாய்க்கு வந்துது. பெயிண்ட் அடிக்கற செல்வநாயகியும் வாளியத் தட்டிக்கிட்டுச் சேந்துக்கிட்டா. அவளும் தெனம் திட்டினவதான். சார் உக்காந்துட்டாரு. சிரிக்கல.

மூச்சு வாங்கி நான் நிறுத்தினப்ப, "அப்புறம்?"னாரு.

வளவன் தலைய நிமுத்தினான். கண்ணு நெறைய தண்ணி. மூஞ்சில மட்டும் அதே கோவம்.

"நடுவுல கித்தாரு ரெண்டு தடவ வரும்கா. ஒரு தடவ வுட்டுட்ட. மொதல்ல இருந்து பாடு."