காணாமல் போனவர்களின் பக்கம்

சுபஸ்ரீக்கு வெப் ஸ்கிரிப்டிங் பிடிக்கும், சிஸ்டம்ஸ் புரோகிராமிங் பிடிக்காது. முதலாவதில் நாலு வரி எழுதினால் உடனே திரையில் ஏதாவது தெரியும். இரண்டாவதில் மணிக்கணக்காக மல்லுக்கட்டினாலும் கறுப்புத் திரையில் ஓர் எண் வந்து நிற்கும், அவ்வளவுதான். திருச்சிக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டம்ஸ் லேப் தேர்வுக்குப் புரோகிராம்களை மனப்பாடம் செய்து, அப்படியே எழுதி வைத்துவிட்டு வந்துவிடுவாள். அரியமங்கலத்தில் லேத் பட்டறை நடத்தும் அப்பாவிடம், "அது வேலைக்கு ஆகாத பாடம்ப்பா" என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள்.

அந்த மார்கழியில் ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக்குக் கல்லூரியிலிருந்து தன்னார்வ மாணவர்களைக் கேட்டிருந்தார்கள். கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வெப் பக்கம் செய்து தருவதாகச் சுபஸ்ரீயும் வகுப்புத் தோழன் பிலோமின்ராஜும் முன்வந்தார்கள். கோயிலைச் சுற்றி நாலைந்து இடங்களில் உதவிக் கூடாரங்கள். வழி தெரியாமல் வந்து நிற்பவரின் பெயரையும் ஊரையும் ஒரு கூடாரத்தில் பதிந்தால், தேடி வரும் குடும்பம் எந்தக் கூடாரத்தில் கேட்டாலும் தெரிந்துவிடும். ஸ்கிரிப்ட் முழுக்கச் சுபஸ்ரீ எழுதியது. தன் லேப்டாப்பில் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

சொர்க்கவாசல் திறந்த அன்று காலை, ராஜகோபுரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அழகம்மாள் என்ற பெண், முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"அப்பாவக் காணும்மா. பேரு மருதை. வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. காது சரியாக் கேக்காது. சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு விரதம்னு ஒண்ணும் சாப்பிடாம வந்தாரு."

சுபஸ்ரீ பெயரைத் தட்டித் தேடினாள்.

"இல்லைங்க. எந்தக் கூடாரத்துக்கும் வரலை."

அழகம்மாள் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் அதே பதில். அடுத்த முறை வந்தபோது அவள் குரல் உடைந்திருந்தது. "நல்லாப் பாத்தியாம்மா?"

"நல்லாப் பாத்துட்டேங்க. இருந்தா காட்டியிருக்கும்."

அழகம்மாள் காவிரிக் கரையில் இருக்கும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தேடப் போனாள். ஆற்றில் இறங்கியிருப்பாரோ என்ற பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சற்றுக் கழித்து, பெற்றோரைத் தவறவிட்ட ஒரு சிறுமியை யாரோ கூட்டி வந்தார்கள். சுபஸ்ரீ பதிந்தாள். 'பதிவாகிவிட்டது' என்று திரை சொன்னது. ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை இருந்ததால் திருத்துவதற்காகப் பட்டியலைத் திறந்தாள். சிறுமியின் பெயரே அதில் இல்லை. அவள் பதிந்த அதே நேரத்தில் வேறு கூடாரத்தில் பதிந்த ஒரு பாட்டியின் பெயர் மட்டும் கடைசியில் இருந்தது.

என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. யாராவது பதியும்போது அவளுடைய ஸ்கிரிப்ட் மொத்தப் பட்டியலையும் எடுத்து, புதுப் பெயரைச் சேர்த்து, திரும்ப எழுதி வைக்கும். அதே நொடியில் இன்னொரு கூடாரமும் பதிந்தால் அதுவும் பழைய பட்டியலைத்தான் எடுக்கும். பிந்தி எழுதுகிறவர் முந்தி எழுதியவரின் பெயரை அழித்துவிடுவார். சிஸ்டம்ஸ் லேபில் இதையேதான் செய்யச் சொன்னார்கள். இரண்டு புரோகிராம்கள் ஒரே ஃபைலில் எழுதும். ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்க ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டு எதற்கு என்று யோசிக்காமலே அதை மனப்பாடம் செய்து எழுதி, முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

தன் லேப்டாப்பில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது பதிகிறவள் அவள் ஒருத்திதான். இங்கே எல்லாக் கூடாரங்களும் ஒரே நேரத்தில் பதிகின்றன.

பக்கத்தில் இருந்த பிலோமின்ராஜிடம் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வரிதானே? இப்பவே பூட்டப் போட்டுரு. யாருக்கும் தெரிய வேணாம்."

"இனிமே வர்றவங்களுக்கு அது சரி. காலையிலேருந்து அழிஞ்ச பேருங்க? நான் இல்லைன்னு சொல்லி அனுப்பினவங்க?"

"எஸ்.ஐ. மேடத்துக்குத் தெரிஞ்சா காலேஜுக்கே ரிப்போர்ட் போயிடும், சுபா."

அவள் எழுந்துவிட்டாள். கூடாரங்களுக்குப் பொறுப்பான சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தவள்ளி, வாக்கிடாக்கியோடு வாசலில் நின்றிருந்தார்.

"மேடம், வெப் பக்கத்த நிறுத்தணும். அது தப்பாக் காட்டுது. இல்லைன்னு நான் சொன்ன ஆளுங்க வேற கூடாரத்துல இருக்கலாம்."

ஆனந்தவள்ளி வாக்கிடாக்கியை இறக்கினார். "இத இப்ப சொல்றியா?"

"இப்பதான் தெரிஞ்சுது மேடம்."

திட்ட நேரமில்லை. ஒவ்வொரு கூடாரமாக வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்கச் சொன்னார். பெயர்கள் வர வர, பட்டியலில் இல்லாதவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. வடக்கு வாசல் கூடாரத்திலிருந்து பேசிய மாணவன், "மருதைன்னு ஒரு பெரியவர் ரொம்ப நேரமா இருந்தாரு. யாரும் வரலைன்னதும் துறையூர் பஸ் எங்கன்னு கேட்டுட்டு இப்பதான் போனாரு" என்றான்.

சுபஸ்ரீ ஓடினாள். ஆனந்தவள்ளி அனுப்பிய போலீஸ்காரர் ஒருவரும் கூட ஓடினார். உத்தர வீதி முழுக்கத் தலைகள். எதிரே வரும் கூட்டம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. ஒலிபெருக்கியில் மருதையின் பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. காது கேட்காதவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. வெள்ளை வேட்டி கட்டிய ஒவ்வொரு கிழவரின் தோளிலும் பச்சைத் துண்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பஞ்சக்கரை சாலையில் வெளியூர் பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு பஸ்ஸின் நிழலில், பின்சக்கரத்தில் சாய்ந்தபடி, தோளில் பச்சைத் துண்டோடு மருதை சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. போலீஸ்காரர் 108-க்குப் பேசினார். ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும்வரை சுபஸ்ரீ அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, துப்பட்டாவால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியதும் அவர் கண் திறந்தார். "எம்மவ எங்க?" என்று கேட்டார். ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு, அழகம்மாள் படித்துறையிலிருந்து நனைந்த சேலையோடு வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் சுபஸ்ரீயைக் கவனித்தாள்.

சுபஸ்ரீ நடந்ததைச் சொன்னாள். ஃபைல், பூட்டு என்று எதையும் விளக்கவில்லை. "உங்கப்பா வடக்கு வாசல்ல இருந்தாருங்க. நான் எழுதினது தப்பு. அதனால இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அத்தன வாட்டி வந்து கேட்டனேம்மா."

"ஆமாங்க."

"நான் ஆத்துல எறங்கித் தேடினேன்." அழகம்மாள் ஈரச் சேலையைப் பிடித்துக் காட்டினாள். "நீ போயிரு. இப்ப ஒண்ணும் பேசாத."

சுபஸ்ரீ கூடாரத்துக்குத் திரும்பினாள். பக்கம் நிறுத்தப்பட்டே இருந்தது. பொழுது சாயும்வரை வாக்கிடாக்கியும் போனுமாக எல்லாரையும் குடும்பத்தோடு சேர்த்தார்கள். அந்தச் சிறுமியின் தாய் வந்து அவளை வாரித் தூக்கியபோது பிலோமின்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

ஆனந்தவள்ளி கல்லூரிக்கு ரிப்போர்ட் அனுப்பத்தான் செய்தார். துறைத் தலைவர் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார். ஆனால் தவறைக் கண்டதும் மாணவி தானே வந்து சொன்னாள் என்று அதே ரிப்போர்ட்டில் இருந்ததால் நடவடிக்கை எதுவும் வரவில்லை. சிஸ்டம்ஸ் பாடத்தைச் சுபஸ்ரீ முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். ஒவ்வொரு புரோகிராமையும் பூட்டோடும் பூட்டில்லாமலும் ஓட்டி, எங்கே உடைகிறது என்று பார்த்தாள்.

இப்போது தில்லைநகரில் ஒரு சிறு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. "எங்க மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்று யாராவது சொன்னால், அடுத்த நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்து, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தச் சொல்வாள்.