ஜன்னல் நாற்காலி காலியா?

அந்தக் கிளை நூலகத்துக்குச் சின்ன வயதில் ஒருமுறையாவது வந்துபோனவர்கள் யாரும் அவளை உண்மைப் பெயரால் அழைக்க மாட்டார்கள். உஷ்ஷம்மா என்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடி ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து அவள் ஒரு ‘உஷ்’ விட்டால், பெரிய மனிதர்கள்கூட வந்த இருமலை விழுங்கிக்கொள்வார்கள். பட்டப்பெயர் வைத்த பிள்ளைகளெல்லாம் இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து, “அதோ பாரு, உஷ்ஷம்மா” என்று காட்டுகிறார்கள். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

வேலை என்னவோ நூலக உதவியாளர் வேலைதான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, முத்திரை குத்துவது, அடுக்கில் வைப்பது. ஆனால் வாசிப்பு அறைக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். முதல் சட்டம், பேசக் கூடாது. இரண்டாவது சட்டம், நாற்காலி பிடித்து வைக்கக் கூடாது. பையையோ கைக்குட்டையையோ போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பை தரையில் இருக்கும், நாற்காலியில் வேறு ஆள் இருப்பார். ஒருமுறை நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் தோல்பையையே தூக்கி ஓரமாக வைத்தவள் அவள். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து நூலகர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவள் பாட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

மாலை நேர வேலையை அவள் விரும்பிக் கேட்டு வாங்கியிருந்தாள். அதற்குக் காரணம் வீடு. கல்யாணம் நடக்கவில்லை, அது வேறு கதை, அவளுக்கே சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கதை. அண்ணன் வீட்டில் மாடி அறையில் இருக்கிறாள். அந்த வீட்டில் மாலையானால் ஒரு சந்தை கூடிவிடும். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவி தெருமுனை வரை கேட்கும். பையன்கள் இருவரும் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு பாட்டு வைப்பார்கள். இத்தனைக்கும் மேலே அண்ணியின் குரல். “சாப்பிட வாங்க” என்று அவள் அடுக்களையிலிருந்து கத்தினால் எதிர்வீட்டுக்காரர்கள் தட்டை எடுத்து வைப்பார்கள் என்று பையன்களே கேலி பேசுவார்கள். சத்தங்களுக்கெல்லாம் தலைவி அண்ணிதான் என்பது உஷ்ஷம்மாவின் பல வருடத் தீர்மானம். ஆனால் அங்கே போய் உதட்டில் விரல் வைக்க முடியுமா? அது அண்ணன் வீடு. ஒதுங்கியிருக்கும் தங்கச்சி வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு மாடி ஏறிவிடுவதுதான் மரியாதை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. மாலையில் ஆள் வராத கிளைகளை ஐந்து மணிக்கே மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகம் யோசிக்கிறதாம். மூடினால் அவளைப் பகல் வேலைக்கு, மத்திய நூலகத்தின் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அதாவது, மாலை முழுக்க வீட்டில். நினைத்தபோதே அவளுக்குக் காது வலித்தது.

“உடனே மூடல. மூணு மாசம் பாக்கறாங்க” என்றார் நூலகர். நல்ல மனிதர், மேலிடம் என்றால் மட்டும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிடுவார். “ஒவ்வொரு கிளையும் ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சு, வீடியோ எல்லாம் போட்டு ஆள வர வைக்கணுமாம். நீங்க பாத்துக்கோங்க.”

“நானா சார்?”

“சாயந்திரம் உங்களுக்குத்தானே வேலை கம்மி.”

இப்படியாக அது அவள் தலையில் கட்டப்பட்டது. ஒரு நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் மேடையில் குதித்துக் குதித்துப் பேசினார். முதல் சில நொடிகளிலேயே பார்ப்பவரைப் பிடித்துவிட வேண்டும், உற்சாகமாகப் பேச வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் மாலை போனை முத்திரைப் பெட்டியில் சாய்த்து வைத்து, பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்து, அடுக்கின் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். வந்தது கிசுகிசுப்பு. இருமிப் பார்த்தாள், தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அந்த அறையில் அவள் தொண்டைக்கு வேறு குரல் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அதையே போட்டாள்.

பதில்கள் வந்தன. “சவுண்ட் வரல.” “ஹெட்செட் போட்டும் கேக்கல.” “அக்கா, பக்கத்துல யாராவது தூங்கறாங்களா?”

நூலகர் வந்து நின்றார். “கொஞ்சம் சத்தமா பேசுங்களேன்.”

“எங்க, உள்ளயா?”

“அஞ்சு நிமிஷம்தானே.”

“உள்ள யாரும் சத்தமா பேசக் கூடாது சார்.”

“அந்தச் சட்டத்தப் போட்டதே நீங்கதானே.”

“அதனாலதான் சார்.”

சரி, வெளியே போய் எடுக்கலாம் என்று சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று ஒன்று எடுத்தாள். தேர்தல் ஜீப்பில் அறிவிப்பு செய்வது போல இருந்தது. எதிர் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த வீடியோவை நூலகரும் அவர் மனைவியும் பார்த்தார்கள். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

போதும் இந்தக் கூத்து என்று உஷ்ஷம்மா உள்ளே திரும்பி, தன் கிசுகிசுப்புக்கே வந்துவிட்டாள். “இந்தக் கதை நடுவுல கொஞ்சம் இழுக்கும். ஆத்துல படகு கவிழற இடம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. அப்புறம் நீங்களே கீழ வைக்க மாட்டீங்க.” இந்த ரீதியில் ஒரு நாளைக்கு ஒரு புத்தகம். வேடிக்கை என்னவென்றால், கேலி செய்தவர்களே மறுபடி வந்தார்கள். ஒரு தாய், இதை வைத்தால் தன் குழந்தை தூங்கிவிடுகிறது என்று எழுதினாள். ஒருவர், தன்னிடம் இவ்வளவு மெதுவாக யாரும் பேசி வருடக்கணக்காகிறது என்று எழுதினார். அதை உஷ்ஷம்மா இரண்டு முறை படித்தாள். கவுண்டரில் வரிசையில் நிற்பவர்களைக் கவனிப்பது போலவே, முதலில் எழுதியவருக்கு முதலில் என்று ஒருவர் விடாமல் பதில் போட்டாள்.

பார்ப்பவர்கள் ஏறினார்கள். அறையில் மட்டும் அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக வரும் மருந்துக் கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற சர்வேயர், இன்னும் இரண்டு மூன்று பேர். “பாக்கறவங்க எங்க இருக்காங்களோ யாரு கண்டா” என்றார் நூலகர். “மேலிடத்துக்கு வாசல்ல நுழையற தலைதான் கணக்கு.” அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவளுக்கு எரிச்சல் வந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. புதிதாக வந்த புத்தகங்களைக் காட்ட ஒருநாள் நேரலை போட்டாள். காட்டி முடித்து, எதையோ அழுத்தி, நிறுத்தியாகிவிட்டது என்று நினைத்து, போனை முத்திரைப் பெட்டியில் சாய்த்துவிட்டுப் புத்தகங்களை அடுக்கப் போய்விட்டாள். நேரலை நிற்கவில்லை. போன் தன் போக்கில் எதிரே இருந்ததைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு மேஜை விளக்கு, அசையும் திரைச்சீலை, வெளியே போகும் வண்டிகளின் வெளிச்சம். அவ்வளவுதான். புத்தகத் தள்ளுவண்டியின் சக்கரம் எப்போதாவது கிரீச்சிட்டது. மருந்துக் கடைக்காரரின் போன் ஒருமுறை அலறியது. அதற்கு ஓர் ‘உஷ்’ விழுந்தது.

மூடும் நேரத்தில் போனை எடுத்தவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்னும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்துகொண்டே படித்தாள்.

“இப்படி ஒரு இடம் நம்ம பக்கத்துல இருக்கா?”

“எட்டு மணி வரைக்குமா? தெரியவே தெரியாது.”

“உள்ள போக காசு கேப்பாங்களா?”

கடைசியாக, தன் படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருந்த யாரோ ஒருவர்: “அந்த ஜன்னல் நாற்காலி எப்பவும் காலியாத்தான் இருக்குமா?”

“இப்போதைக்குக் காலி. வாங்க” என்று பதில் போட்டாள்.

மறுநாளிலிருந்து தெரிந்தே அப்படிச் செய்தாள். புத்தகத்தைப் பற்றிக் கிசுகிசுத்துவிட்டு, போனை அந்த நாற்காலியைப் பார்த்து வைத்துவிடுவாள். “என் முதுகு ஏதாச்சும் தெரியுதா?” என்று மருந்துக் கடைக்காரர் கவலைப்பட்டார். யார் முதுகும் தெரியாது என்று திருப்பிக் காட்டிய பிறகுதான் பேப்பரை விரித்தார்.

ஆட்கள் வந்தார்கள். தலையணை போன்ற பாடப்புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு நர்சிங் மாணவி வந்தாள். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் சண்டை, நடுவில் குடியிருக்கும் ஒரு கணக்கர் வந்தார். சிலர் படித்தார்கள். சிலர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்காரக் கூடாது என்று அவள் சட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை, நல்லவேளை.

செம்பருத்தி மட்டும் வரவில்லை. ஆனால் தினமும் கேட்டது. “இன்னைக்கு ஜன்னல் நாற்காலி காலியா?”

“காலி.”

ஒருநாள் உஷ்ஷம்மா எழுதினாள்: “தினமும் கேக்கறீங்க, வர மாட்டேங்கறீங்களே.”

“அடுப்புல வேலை. நாளைக்குப் பாக்கறேன்” என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. “அங்க வந்தா படிச்சே ஆகணுமா? நான் அதிகம் படிச்சவ இல்ல.”

“உக்காந்தா போதும்.”

இத்தனை பேர் வந்தும் உஷ்ஷம்மாவின் மனம் போய் ஒட்டிக்கொண்டது வராத அந்த ஆளிடம்தான். யாராவது ஜன்னல் பக்கம் நகர்ந்தால், “அங்க காத்து ஜாஸ்தி, இந்தப் பக்கம் உக்காருங்க” என்று கிசுகிசுப்பாள். அதற்குப் பெயர் நாற்காலி பிடித்து வைப்பது என்பதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் எதுவும் மாறவில்லை. ஒரு ராத்திரி சோறு போடும்போது அண்ணி டிவிக்கு மேலே கத்தினாள். “ஏம்மா, உங்க இடம் எட்டு மணி வரைக்கும்தானே?”

சீக்கிரம் வந்தால் நாலு பாத்திரம் கழுவலாமே என்கிற குத்தலாக்கும் என்று எடுத்துக்கொண்டு, “ஆமா” என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள் உஷ்ஷம்மா.

மூன்று மாதம் முடிந்து, தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி நேரில் பார்க்க வரும் மாலையும் வந்தது. நூலகர் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். ஆறு மணி வாக்கில் போனில் செம்பருத்தி மலர்ந்தது. “இன்னைக்கு வரேன். ஜன்னல் நாற்காலி காலியா?”

“காலி. வெச்சிருக்கேன்” என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் அறையைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. யோசிக்க நேரமில்லை. கையில் கிடைத்த புத்தகத்தைக் கொண்டுபோய் ஜன்னல் நாற்காலியில் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக.

மருந்துக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நூலகருக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. “என்னங்க இது, நீங்களா?”

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கனத்த சரீரம், கையில் கோப்பு. சுற்றிப் பார்த்தார், முகத்தில் திருப்தி. பிறகு, மடிக்கணினிப் பையுடன் உட்கார இடமில்லாமல் நின்ற ஒருவரையும், ஜன்னலோரத்துக் காலி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது ஏன் காலியா இருக்கு?” அந்த அறை அவரையும் கிசுகிசுக்க வைத்துவிட்டது.

“ஒருத்தர் வரணும் சார்” என்றாள்.

“யாரு?”

“தெரியாது சார்.”

நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். உஷ்ஷம்மாவுக்குக் கிடங்கு கண்ணில் தெரிந்தது, டிவிச் சத்தம் காதில் கேட்டது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். கவுண்டருக்குப் பின்னால் போய், தான் உட்காரும் ஸ்டூலைத் தூக்கிவந்து நின்றிருந்தவரிடம் கொடுத்தாள். தான் நின்றுகொண்டாள்.

அதிகாரி ஸ்டூலையும் அவளையும் பார்த்தார். பிறகு நூலகர் பக்கம் குனிந்தார். “நேரத்தக் குறைக்க வேண்டாம். நாற்காலிதான் பத்தல, அனுப்பச் சொல்றேன்.” அவர் கிளம்பியதும் நூலகர் ஒருவழியாக உட்கார்ந்தார்.

மாலை பிழைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் அவள் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஏழரையும் தாண்டியது. ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன், அழுகையே வரும் போலிருந்தது. போய்ப் புத்தகத்தை எடுத்துவிடலாம் என்று அவள் நகர்ந்தபோது கதவு திறந்தது.

அண்ணி.

வாரிய தலை, அடுக்களைச் சூடு இன்னும் ஆறாத முகம். உஷ்ஷம்மாவுக்குப் பகீரென்றது. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஓடினாள்.

“என்ன அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு?”

“அவருக்கு என்ன, உக்காந்து டிவி பாக்கறாரு.” அண்ணி மெதுவாகப் பேசினாள். இத்தனை வருடத்தில் உஷ்ஷம்மா கேட்டிராத குரல் அது. அண்ணி கையிலிருந்த போனைத் தடவிக்கொண்டே, கூச்சத்துடன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஜன்னல் நாற்காலி காலியா?”

உஷ்ஷம்மா போய் நாற்காலியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

அண்ணி உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். “வீட்டுல கத்தினாத்தான்மா கேக்குது” என்றாள். “அதான் கத்தறேன். ஆசைப்பட்டா கத்தறேன்?”

அன்று எட்டு மணிக்கு மற்ற விளக்குகளை அணைத்த பிறகு, ஜன்னல் விளக்கை மட்டும் உஷ்ஷம்மா கடைசியாகத்தான் அணைத்தாள்.

இருவரும் நடந்தே போனார்கள். தெருமுனைக்கு வரும்போதே டிவி கேட்டது. படியேறும்போது அண்ணி பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டாள். உஷ்ஷம்மா அவளைத் தாண்டி முதலில் உள்ளே போனாள். நேராகக் கூடத்துக்குப் போய், டிவிக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்று, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தாள்.

“உஷ்.”

அண்ணன் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பையன்கள் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். அடுக்களைக்குப் போன அண்ணி அங்கிருந்தே, கத்தாமல், “சாப்பிட வாங்க” என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது.