கெம்பு அட்டிகை

பழவங்காடியில் பேச்சி நடத்தும் சின்ன ஸ்டூடியோவில், பழைய படங்களை ஸ்கேன் செய்து சரிசெய்து தருவார்கள். ஒருநாள் ஸ்மிதா என்ற பெண், மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காகச் சில போலராய்டு படங்களைக் கொண்டுவந்தாள். மாமியார் பெயர் நாகலக்ஷ்மி என்றதும் பேச்சி படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். நாகலக்ஷ்மியின் வீட்டில்தான் பேச்சியின் அம்மா பாத்திரம் தேய்த்தாள். 1997 தீபாவளியன்று, கெம்பு அட்டிகையைத் திருடிவிட்டாள் என்று நாகலக்ஷ்மி அவளைத் தெருவே பார்க்க விரட்டினாள். அந்தப் பழியோடேயே அம்மா இறந்தாள்.

ஒரு படத்தின் வெள்ளை ஓரத்தில் 'கல்லாறு, பொங்கல் 1998' என்று எழுதியிருந்தது. மங்கிய நிறங்களைப் பேச்சி மீட்கமீட்க, நாகலக்ஷ்மியின் கழுத்தில் அந்தக் கெம்பு அட்டிகை தெளிந்து வந்தது.

படங்களை வாங்க மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள்.

"இதைத்தானே எங்கம்மா திருடிட்டாள்னு சொன்னீங்க? இது அடுத்த பொங்கலுக்கு எடுத்த போட்டோ, கேட்டோ," என்று மலையாளம் கலந்து சொன்னாள் பேச்சி.

நாகலக்ஷ்மி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அப்பறம் அரிசி டின்லேயே கெடச்சுதுடி. வெளில எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். படத்துல அந்த அட்டிகையை மட்டும் அழிச்சுடேன்."

"அழிக்கத் தெரியும். செய்ய மாட்டேன்."

ஸ்மிதா மாமியாரை விட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போனாள்.

பேச்சி அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தேதியோடு கடைக் கண்ணாடியில் மாட்டினாள். கோயிலுக்குப் போகிற வழியில் நாகலக்ஷ்மியின் தெருக்காரர்கள் நின்று பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டு நாகலக்ஷ்மி மூன்று முறை ஆள் அனுப்பினாள். பேச்சி படத்தை இறக்கவில்லை.