நிறுத்த முடியாத பாட்டு

அறுபதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தேன். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவரிடம் வாங்கிய மின்சாரக் கிட்டாரும் வால்வு ஆம்ப்ளிபயரும் என்னிடம் இருந்தன. பெட்டியின் ஒலிக் குமிழைப் பாதிக்கு மேல் திருகினால் வால்வு எரிந்துவிடும் என்று சொல்லித்தான் அவர் விற்றார். நானும் பாதியைத் தாண்டியதில்லை.

அந்தப் பெட்டிக்கு இரண்டு குரல். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர்கள் ஓடாத வேளையில் அது மழை விட்ட ஓடையாகத் தெளிந்து பேசும். ரோலர்கள் ஓடத் தொடங்கினால் தோட்டம் முழுக்க மின்சாரம் தரும் டர்பைன் திணறும், மின்சாரம் தாழும். அதே கம்பி, அதே விரல், குரல் மட்டும் கரகரவென்று உடையும். இரண்டும் மின்சாரத்தின் தயவு என்றே நம்பியிருந்தேன்.

ஹட்டனில் நடன விருந்துகளுக்கு வாசிக்கும் குழு ஒன்று கிட்டார்க்காரனைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர், எங்கள் பெரிய கிளாக்கரின் பிரியாவிடைக்கு ஒரு ஞாயிறு பின்னேரம் தோட்ட உத்தியோகத்தர்களின் ஸ்டாப் கிளப்புக்கு வந்து என் வாசிப்பைக் கேட்பதாக இருந்தார். "மெதுவான பாட்டுக்குத் தெளிவா வேணும், வேகமான பாட்டுக்குக் கரகரன்னு வேணும். வேன்ல ஒரு பொட்டிக்குத்தான் எடம்" என்று முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். ஆபீஸ் நாற்காலியிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் ஞாயிறு பின்னேரம் ரோலர் ஓடாது.

ரோலர் அறையில் வேலை செய்த கூட்டாளியிடம் போனேன். முதல் பாட்டு, மெதுவானது, நின்றவுடன் அவன் ஸ்டோருக்குள் வெறும் ரோலர்களை ஓட்டிவிட வேண்டும்.

"மாட்டுனா வேலையும் போயிரும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். வீட்ல மாசமா இருக்கா, தெரியுமில்ல?"

"ஒரே ஒரு பாட்டுக்குத்தான்டா."

"நீ கோட்டுப் போட்டு ஹட்டன்ல ஆடணும்னா நான் இங்க இருட்டுல ஒளியணும், அப்படித்தானே?" என்று சிரித்தான். சிரித்தபடியே சம்மதித்தான்.

ஞாயிறு வந்தது. கிளப்பின் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, கீழே ஸ்டோருக்குப் பாட்டுக் கேட்கவேண்டுமே. மெதுவான பாட்டைத் தொடங்கினேன். தெளிந்த குரல். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பாதியில், தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எழுந்தார். கொழுந்து கூடிய மாதம் அது, ஞாயிறும் பறிப்பு உண்டு. மத்தியானம் பறித்த கொழுந்து ஸ்டோர் மாடியில் எப்படி வாடுகிறது என்று பார்க்கத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ப் பாதையில் இறங்கினார்.

அங்கேதான் கூட்டாளி ஒளிந்திருந்தான். ஓடிப்போய்ச் சொல்ல முடியாது. பாட்டை நிறுத்தினால் அதுவே கூட்டாளிக்குச் சைகை. முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் மறுபடி தொடக்கத்துக்குப் போனேன். மறுபடியும். மறுபடியும்.

"என்னா கிளாக்கரய்யா, ரெக்காட்டு கீறிப் போச்சா?" என்று யாரோ கத்த, கிளப்பே சிரித்தது. தலைவர் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீமேக்கரின் தொப்பி இரண்டாவது வளைவில் மறைந்தது.

கரகரப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, இனி ரோலர் வேண்டாம் என்று கூட்டாளியின் காதில் விழவேண்டும். அது ஒன்றே வழி. எரிந்தால் என் வால்வு எரியட்டும். இடது கை ஒரு கம்பியை அழுத்தியிருக்க, வலது கையால் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினேன்.

கிளப் அதிர்ந்தது. தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன. பெண்கள் காதைப் பொத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நானே பயந்து, என் சுண்டுவிரல் கிட்டாரிலிருந்த சிறு குமிழைக் குறைத்தது. எப்போதும் முழுக்கத் திறந்தே கிடந்த குமிழ் அது. குரல் தெளிந்தது. நம்பாமல் கூட்டினேன், கரகரத்தது. குறைத்தேன், ஓடையாயிற்று. பெட்டியைத் தொடவேயில்லை. வால்வும் எரியவில்லை. அப்படியே, நடுவில் மூச்சுவிடாமல், வேகமான பாட்டுக்குள் நுழைந்தேன்.

"ரெண்டு கொரலும் இருக்கு. பாட்டத்தான் கொஞ்சம் சுருக்கிக்கங்க" என்றார் தலைவர். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

நான் ஸ்டோருக்கு ஓடினேன். கூட்டாளி பாதையில் எதிரே வந்தான்.

"ஒன் பொட்டி தானாவே கொரகொரன்னுச்சா, டர்பைனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பாக்க வெளிய வந்தேன். வாசல்ல டீமேக்கரய்யா! என்னடா இங்கன்னாரு. பாட்டு இங்க நல்லா கேக்குதுங்கன்னு சொன்னேன். அவரும் நின்னு கேட்டுட்டுல்ல போனாரு!"

சுண்டுவிரலையும் குமிழையும் பற்றிச் சொன்னேன். அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப இது முழுக்க ஒன் கையிலதான் இருந்துச்சா?"

கோபமாகக்கூட அவன் கேட்கவில்லை. ஹட்டனில் எத்தனையோ பேர் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டல்கள் மறந்துபோயின. என் கைக்குள் இருந்ததை ஒருமுறைகூடத் தொட்டுப் பாராமல், பிறக்காத ஒரு பிள்ளையின் கூரையைப் பணயம் வைத்தேனே என்ற கூச்சம்தான், யாரிடமும் ஓர் உதவி கேட்க வாயெடுக்கும்போது இன்றும் என்னை ஒரு கணம் நிறுத்துகிறது.