டிராக்டருக்கு நான் அடித்த பெயிண்ட்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம், திண்டுக்கல்லை அடுத்த அகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் முதலில் சிரிப்பு வரும், பின்னாலேயே வெட்கமும் வரும்.

எங்களிடம் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே என் மாமனார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தால் மட்டும் போதாது, புதுசாகவே ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. நீலப் பெயிண்ட், பிரஷ், உப்புத்தாள் எல்லாம் வாங்கிவரச் சொல்லி, நான்கு நாள் உட்கார்ந்து நானே அடித்தேன். எந்த வேலையையும் மேலோட்டமாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. எஞ்சின் ஓரத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதைக்கூட என் வீட்டுக்காரரிடம் கழற்றித் தரச் சொல்லி, அதன் பின்பக்கம், அது உட்காரும் இடம், போல்ட் எல்லாவற்றுக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். பூஜையன்று தெருவே நின்று பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் போயிருக்கும். சாவியைத் திருகினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி பழசு என்று, திண்டுக்கல்லில் ஒரு பாய் கடையில் புதிது வாங்கி மாட்டினோம். ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. எங்கள் ஊர் மெக்கானிக் பெல்ட்டை இறுக்கினார், டைனமோவைப் பிரித்து கார்பன் பிரஷ் மாற்றினார். கடைசியில், “டைனமோ நல்லாத்தேன் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு தினமும் தள்ளு ஸ்டார்ட்தான். ராத்திரி வாய்க்கால் கரைச் சரிவில் நிறுத்தி, காலையில் நாலு பேரைக் கூப்பிட்டு உருட்டிவிட வேண்டும். அணைத்தால் போச்சு என்று சாப்பிடும்போதுகூட எஞ்சினை ஓடவிட்டிருப்போம். “ஏக்கா, தேரு எப்பக் கெளம்புது? வடம் புடிக்க வாரோம்” என்று கேலி வேறு. என் நீல அழகியைத் தேர் என்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இந்த நேரம் பார்த்து நல்ல மழை பெய்தது. மண் பதமாக இருப்பதே இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் உழுது மக்காச்சோளம் ஊன்றாவிட்டால் அந்தப் போகமே போய்விடும். பாதி நிலம் உழுதிருப்போம், கலப்பை ஆழமாக இறங்கி எஞ்சின் அணைந்துவிட்டது. நடு நிலத்தில், சேற்றில். ஆறு பேர் தள்ளியும் ஒரு சாண்கூட நகரவில்லை.

என் வீட்டுக்காரர் சாது. “பாய்க்குப் போன் போட்டுக் கேப்பமா?” என்றார்.

“போன்ல கேட்டா போன்லயே ஏமாத்துவாக” என்று பேட்டரியைக் கழற்ற வைத்தேன். தக்காளி ஏற்றிப்போன லோடு ஆட்டோ ஒன்றில் அதை வைத்துக்கொண்டு, காலில் சேறு காயாமலேயே திண்டுக்கல்லுக்குக் கிளம்பிவிட்டேன்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. “செத்த பேட்டரியத் தலையில கட்டிவிட்டீகளே பாய்! பட்டிக்காட்டுக்காரக, என்னத்தக் கேக்கப் போறாகன்னு நெனச்சீகளா?” என்று ஆரம்பித்தேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் கிளாசோடு எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஏமாற்றுக்காரர் என்ற வார்த்தையையே இரண்டு தரம் சொன்னேன்.

பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். பேட்டரியை டெஸ்டரில் வைத்துப் பார்த்தார். “பேட்டரி மேல குத்தம் இல்லம்மா. பட்டினி கெடக்கு. வண்டி இதுக்குச் சோறு போடல” என்றார்.

“இந்தக் கதைய வேற யார்கிட்டயாச்சும் சொல்லுங்க” என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். “உழவு பாதியில நிக்குதாம்மா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், சார்ஜ் ஏறிய வேறொரு பேட்டரியை எடுத்து ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வேலையாளிடம் சாவியைக் கொடுத்தார். “மிச்சத்தக் காட்டுல வச்சுத் திட்டும்மா” என்றார்.

தோட்டத்துக்கு வந்தவர் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். பேட்டரியை மாட்டியதும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் சார்ஜ் காட்டும் மீட்டரில் முள் அசையவில்லை. வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்த டிபன் பாக்ஸ் பெட்டியிடம் நின்றார். ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையைப் பெட்டியின் ஓரத்திலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து அழுத்தினார். முள் துள்ளி ஏறியது.

“பெயிண்ட் யாரும்மா அடிச்சது?”

“நாந்தேன் பாய்! கடையில குடுத்தாக்கூட இம்புட்டு நேர்த்தியா வராது” என்றேன் பெருமையாக.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எஞ்சினை அணைத்தார். பெட்டியைக் கழற்றி, கத்தியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். “ஐயையோ, சுரண்டாதீக!” என்று நான் பதறினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதுக்குப் பேரு கட்டவுட்டும்மா. டைனமோவுல வர்ற கரண்ட பேட்டரிக்கு அனுப்புறது இதுதான். வண்டி இரும்புல ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் எர்த் கெடைக்கும், இது வேல செய்யும். நடுவுல பெயிண்ட் இருக்கு. நீங்க அம்புட்டு நேர்த்தியா அடிச்சிருக்கீங்க” என்றார்.

அந்தச் சேறு இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதற்குள் என் வீட்டுக்காரரும் வண்டி தள்ள வந்தவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். “என்ன பாய், எதுல கோளாறு?” என்று ஒருவர் கேட்டார்.

காலையில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியதை அப்படியே திருப்பிக் கொடுக்க அவருக்கு ஒரு வரி போதும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “எர்த் புடிக்கல, அம்புட்டுத்தான். பழைய வண்டியில சகஜம்” என்று சொல்லிவிட்டு போல்ட்டை முடுக்கினார்.

வண்டி மறுபடி கிளம்பியதும் முள் தானாகவே ஏறி நின்றது. இருட்டுவதற்குள் முழு நிலமும் உழுதாயிற்று, மறுநாள் விதையும் ஊன்றினோம். அன்று மத்தியானம் பாயை வரப்பில் உட்கார வைத்துச் சோறும் அவரைக்காய் வெஞ்சனமும் போட்டேன். “வெஞ்சனம் நல்லாருக்கும்மா” என்றதைத் தவிர அவர் வேறு பேச்சே எடுக்கவில்லை. நான் இன்னொரு கரண்டி வைத்தேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். சாது மனிதர், புரை ஏறும்வரை சிரித்தார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வாரமே திண்டுக்கல்லுக்குப் போனேன். கடையில் நாலு பேர் சேரும்வரை காத்திருந்து, டீக்கடைக்கும் கேட்கும் அளவுக்கு, “அன்னைக்குப் பாய் மேல தப்பு இல்லைங்க. நான் அடிச்ச பெயிண்டாலதேன் எல்லாம். பாய், என்னைய மன்னிச்சிருங்க” என்றேன். அவர்தான் கூச்சத்தில் நெளிந்தார். “அது அன்னைக்கே முடிஞ்சு போச்சேம்மா, டீ சாப்பிடுங்க” என்றார்.

என் வாய் இன்னும் பெரிய வாய்தான். ஆனால் யாரையாவது நாலு பேர் முன்னால் குற்றம் சொல்லக் கிளம்பும்போதெல்லாம், என் தப்பு எனக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திக்கொண்ட அந்த மனிதரின் முகம் வந்து நிற்கிறது. பத்துக்கு ஐந்து தடவையாவது வாயை மூடிக்கொள்கிறேன்.