புருலின் வயரும் மண் பூசும் நாளும்

தோக்மோக் ஊரின் விளிம்பில் புது வீடு எழும்ப எழும்ப, புருலுக்குத் தூக்கம் போய்விட்டது. வெளிநாட்டு டிக்கெட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்வது அவள் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் சுவரே நின்றது. ஏற்கெனவே இரண்டு முறை பேச்சின் நடுவில் லைன் அறுந்துபோக, இன்னொரு முறை அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

புது வீட்டுச் சுவரோ ஒரு முழக் கனத்துக்கு மண் கல். வைஃபை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். ஆகவே வயர்தான். புருஷன் மெதெர் லாரி ஓட்டுகிறவன். அவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அவளே உட்கார்ந்து யோசித்தாள். மீட்டருக்குப் பக்கத்தில், ஈரம் படாத சுவரில் மோடம். அதன் கீழே எட்டு வயர் செருகும் சுவிட்ச். அங்கிருந்து அறைக்கு ஒரு வயர். அவள் அறைக்கு மட்டும் இரண்டு, ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று.

"வீடு கட்டுறியா, டெலிபோன் ஆபீஸ் கட்டுறியா?" என்றாள் மாமியார் உம்சுன்.

"டிவிக்கும் ஒண்ணு விட்டிருக்கேன் அத்தை."

மாமியார் உடனே டிவி எந்தச் சுவரில் என்று காட்ட எழுந்தாள்.

சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி வயரைப் பதித்து, நுனிகளைச் சுவர்ப் பெட்டிக்குள் சுருட்டி, மண் புகாமல் துணி திணித்தாள். கடைசியில் பார்த்தால் அவள் அறைக்கே பெட்டி ஒன்று குறைந்தது! காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இரு வயர்களையும் சுவரில் தொங்கவிட்டாள். விடிந்ததோ அஷார் நாள். கூலி வாங்காமல் தெருவே வந்து மண் பூசிக் கொடுக்கும் நாளில் மருமகள் கடைக்கா போவாள்? ஆட்டுக்கறி, எண்ணெயில் பொரித்த போர்சோக், ஓயாமல் தேநீர். "என் ரூம்ல வயர் தொங்குது, தொட வேணாம்னு மாமாகிட்ட சொல்லிடுங்க" என்று மெதெரிடம் சொல்லி அனுப்பினாள். மாமனாரிடம் நேரே நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்று மருமகள் சொல்லுவதில்லை. புருஷ மகராசனோ வைக்கோல் கலந்த மண்ணை மிதிக்கப் போனவன், அங்கே நடந்த கேலியில் அப்படியே மறந்துபோனான்.

மதியம் தேநீர்த் தட்டோடு தன் அறை ஜன்னலைத் தாண்டியவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே பலகைமேல் மாமனார். மண் பூச இடைஞ்சலாகத் தொங்கின வயர்களை ஒரு கையில் பிடித்து இழுத்து, மறு கையில் கத்தியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். அங்கே வெட்டினால் நுனி காடிக்குள்ளே போய்விடும். மேலே இரண்டு விரல் மண் ஏறும். பனி விழுவதற்குள் காயவேண்டிய சுவரை மறுபடி உடைக்க யார் விடுவார்கள்? வேலை போயிற்று, வீடும் பாதியில் நின்றது என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது.

"மாமா!"

முற்றத்திலிருந்த கிழவர்கள் எல்லாரும் அவளுக்கு மாமாதான். ஆறேழு தலைகள் திரும்பின. அந்த ஒரு தலை மட்டும் திரும்பவில்லை.

"மாமா! மாமா!"

கத்தி அழுந்தியது.

"எசென்குல்!"

ஐயோ, சொல்லிவிட்டாள்! வந்த நாளிலிருந்து நாக்கில் வராத பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்வதாவது! மிதிக்கிற கால்கள் நின்றன. உம்சுன் கையிலிருந்த அகப்பை அண்டாவுக்குள் விழுந்தது. மெதெர் தலையில் கை வைத்துக்கொண்டான், மண் கையோடு.

கிழவர் மெல்ல ஜன்னலுக்கு வந்தார்.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான் மாமா. தப்புதான். அந்த வயர வெட்டினீங்கன்னா என் வேல போயிடும்."

அவர் கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எங்க அக்கா போனப்புறம் அந்தப் பேரச் சொல்ல ஆளே இல்ல. உன் அத்தைக்கு நான் கிழவன், புள்ளைக்கு அப்பா, ஊருக்கு மாமா. நீ கூப்பிட்டப்போ, யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்."

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, வயரைச் சுற்றிலும் விரலாலேயே மண்ணை வழித்துத் துடைத்தார்.

"வேற எங்க தொடக் கூடாது, சொல்லு. பேரச் சொல்லியே சொல்லு."

புருல் வாயைத் திறந்தாள். என்ன முயன்றும் அந்தப் பெயர் வரவில்லை.

"அந்த மூலையும் மாமா," என்று விரலை நீட்டினாள்.